சி-யா, எஸ்-ஸா? ஒரு வரியும் பல ரெகுலர் எக்ஸ்பிரஷன்களும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சில இடங்களில் சுருக்கியும் ஒழுங்குபடுத்தியும் இருக்கிறோம்.)

சோழவரத்துல இருந்து பேசுறேன். பின்னாடி லாரி சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க, ஜிஎன்டி ரோடு பக்கத்துலதான் வீடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போற வண்டி எல்லாம் இந்த வழியாத்தான் போகும். நானும் அப்படித்தான் தினமும் போறேன். அங்க ஒரு தொழிற்சாலையில மெஷின்கள் எழுதித் தள்ளுற லாக் ஃபைல்களைப் படிக்க ஸ்கிரிப்ட் எழுதுறது என் வேலைகள்ல ஒண்ணு. ஒவ்வொரு வரியா எடுத்து, "இது அழுத்தம் கூடின செய்தியா, இது மோட்டார் நின்ன செய்தியா, இது சும்மா வந்த செய்தியா"ன்னு பல ரெகுலர் எக்ஸ்பிரஷன்களோட ஒப்பிட்டுப் பார்க்கணும். இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான். ஒரு வரியைப் பல பேட்டர்ன்களோட பொருத்திப் பார்க்கிற இந்தச் சின்ன வேலைக்கு எழுபது எண்பது வருஷத்து வரலாறு இருக்கு. அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி என் வீட்டுக் கதை ஒண்ணு.

2019 கோடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னைக்குக் குடிநீர் தர்ற பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் காய்ந்து கிடந்த வருஷம். நாலும் நிரம்பினா 11,257 மில்லியன் கன அடி. அதுல எங்க சோழவரம் ஏரியோட பங்கு 1,081. நாலுல சின்னது இதுதான், ஆனா எங்களுக்கு இதுதான் ஏரி. எங்க அப்பா தினமும் காலையில் பேப்பரைப் பிரிச்சு ஏரி நீர்மட்டம் பார்க்கிற ஆள். அவருக்காக அந்த மே மாசம் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். தினசரி நீர்மட்டப் பட்டியல்ல இருந்து நாலு ஏரிக்கும் நாலு பேட்டர்ன். வரி பொருந்தினா எண்ணை எடு, இல்லன்னா பூஜ்யம் போடு. காலை ஏழு மணிக்கு அவர் போனுக்கு மெசேஜ் போயிடும்.

ஜூன், ஜூலை எல்லாம் சோழவரம் பூஜ்யம்னே வந்தது. ஏரியும் அப்படித்தான் கிடந்தது. மழைக்காலம் வந்து ரெண்டு மூணு வாரம் கழிச்சு ஒருநாள் அப்பா வாக்கிங் முடிச்சு உள்ள வந்து, "என்னடா, உன் போன்ல ஏரி காஞ்சு கெடக்கு. நான் கால் நனைச்சுட்டு வர்றேன்"ன்னார்.

உட்கார்ந்து பார்த்தேன். எங்க ஊர்ப் பேரை ஆங்கிலத்துல நான் எப்பவும் எஸ்-ல ஆரம்பிச்சுத்தான் எழுதுவேன். இங்க இருந்த கார் பந்தயத் தளத்துக்கு உலகம் முழுக்க அந்த ஸ்பெல்லிங்தான் தெரியும். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துல கார் ஓட்டினாங்க, அது தனி எபிசோடுக்கு உரிய விஷயம். ஆனா மெட்ரோ வாட்டர் பட்டியல்ல நம்ம ஊர் சி-யில ஆரம்பிக்கும். என் நாலாவது பேட்டர்ன் ஒரு நாள்கூடப் பொருந்தினதே இல்லை. ஆறு மாசமா வந்த பூஜ்யம் ஏரியோட பூஜ்யம் இல்ல, என்னோட பூஜ்யம். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்ததால யாருக்கும் தெரியல. ஏரி உண்மையிலேயே காய்ந்து கிடந்ததுதான் என் தப்பை மறைச்சது.

சரி, இந்தப் பேட்டர்ன் என்கிற விஷயம் எங்க இருந்து வந்தது?

இது கம்ப்யூட்டர்ல ஆரம்பிக்கல, மூளையில ஆரம்பிச்சது. 1943-ல வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் என்ற இருவர் நரம்பு செல்களை ஆன், ஆஃப் என்ற இரண்டே நிலை உள்ள சின்னச் சின்ன சுவிட்சுகளாக வைத்து ஒரு கணித மாதிரி எழுதினார்கள். 1951 கோடையில் ஸ்டீபன் கிளீனி என்ற தர்க்கவியலாளர் ராண்ட் நிறுவனத்தில் இருந்தபோது, இப்படிப்பட்ட நரம்பு வலை எந்தெந்த நிகழ்வு வரிசைகளை அடையாளம் காண முடியும் என்று கேட்டார். அதற்கு அவர் கண்ட விடைக்கு மூன்று செயல்கள் போதும்: ஒன்றையடுத்து ஒன்று, இது அல்லது அது, ஒன்றை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சொல்வது. மூன்றாவதுக்கு அவர் போட்ட குறிதான் நட்சத்திரம். இன்றைக்கும் நாம் கீபோர்டில் தட்டுகிற அதே ஸ்டார். இந்த வகை நிகழ்வுகளுக்கு "ரெகுலர்" என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில் அவருக்கே திருப்தி இல்லை, இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள் என்று கட்டுரையிலேயே கேட்டிருந்தார். யாரும் சொல்லல போல. 1956-ல் அது அச்சில் வந்தது, பெயரும் நிலைத்துவிட்டது. "ரெகுலர்னா என்ன ரெகுலர்?"னு கல்லூரியில கேட்டுத் திட்டு வாங்கினவங்க நிம்மதியா இருக்கலாம்.

அடுத்த பெரிய அடி 1968. பெல் லேப்ஸில் இருந்த கென் தாம்சன், ரெகுலர் எக்ஸ்பிரஷனை ஐபிஎம் 7094 கம்ப்யூட்டரின் மெஷின் கோடாகவே மாற்றித் தேடும் முறையை ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். அதில் முக்கியமான யோசனை இது. பேட்டர்னில் இரண்டு வழி பிரிந்தால், ஒரு வழியில் போய்ப் பார்த்து, முட்டினால் திரும்பி வந்து அடுத்த வழியில் போவது ஒரு முறை. தாம்சன் அப்படிச் செய்யவில்லை. எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் ஆளை அனுப்பினார். உரையின் ஒவ்வோர் எழுத்துக்கும், யார் யார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தால் போதும். திரும்பி நடக்கிற வேலையே இல்லை. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவோம்.

அவரே எழுதிய 'எட்' என்ற எடிட்டருக்குள் இந்தத் தேடல் வந்தது. அந்த எடிட்டரில் "எல்லா வரியிலும், இந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் இருந்தால், அச்சிடு" என்பதற்கான கட்டளை ஜி, ஆர்-இ, பி. சேர்த்துப் படித்தால் கிரெப். பெல் லேப்ஸில் லீ மக்மஹன் என்பவர் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை ஆராய விரும்பினார். அமெரிக்க அரசமைப்புக்கு ஆதரவாக 1787, 88-ல் புனைபெயரில் எழுதப்பட்ட 85 கட்டுரைகள் அவை. சிலவற்றை எழுதியது யார் என்பதில் சண்டை உண்டு. அந்த உரை முழுவதும் எட் எடிட்டரின் நினைவகத்தில் அடங்கவில்லை. அதனால் தேடும் பகுதியை மட்டும் தனியே கழற்றித் தாம்சன் ஒரு கருவியாக்கிக் கொடுத்தார். 1973-ல் யூனிக்ஸில் அது வந்துவிட்டது. பழைய நூல் ஒன்றில் யார் கை இருக்கிறது என்று தேடப்போன வேலையில் பிறந்த கருவி. நம்ம ஊர்ல பாடபேதம் பார்க்கிறவங்களுக்கு இது பிடிக்கும்னு நினைக்கிறேன்.

இதுவரைக்கும் ஒரு பேட்டர்ன். நம்ம பிரச்சினை பல பேட்டர்ன்.

அந்தப் பிரச்சினை முதலில் கடுமையாக வந்த இடங்களில் ஒன்று நூலகம். பெல் லேப்ஸில் மார்கரெட் கோராசிக் என்பவர் நூற்பட்டியலில் தேடும் ஒரு நிரலில் வேலை செய்தார். தேடுகிறவர் ஒரு சொல்லோடு வருவதில்லை, ஒரு கட்டுச் சொற்களோடு வருவார். ஒவ்வொரு சொல்லுக்கும் பட்டியல் முழுவதையும் ஒருமுறை படித்தால், நூறு சொல்லுக்கு நூறு தடவை படிக்க வேண்டும். அவரும் ஆல்ஃபிரட் ஏஹோவும் சேர்ந்து 1975 ஜூனில் வெளியிட்ட முறையில், எத்தனை சொல் இருந்தாலும் உரையை ஒரே ஒரு தடவை படித்தால் போதும். அந்த நூலக நிரல் 5 முதல் 10 மடங்கு வேகமானதாக அவர்களே கட்டுரையில் குறிப்பிட்டார்கள்.

எப்படின்னு நம்ம பக்கத்து உதாரணத்தோட சொல்றேன். தேட வேண்டிய ஊர்கள் இரண்டு: செங்குன்றம், குன்றத்தூர். உரையில் ஒரு வரி "செங்குன்றத்தூர்" என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஊர் கிடையாது, யாரோ தட்டச்சில் பண்ணின கூத்து. செ, ங், கு, ன், ற வரைக்கும் செங்குன்றத்தோடு சரியாகப் போகும். அடுத்து 'ம்' வரணும், 'த்' வந்துடுச்சு. சாதாரணமா என்ன பண்ணுவோம்? "சரி, இது இல்ல"ன்னு வரியோட இரண்டாவது எழுத்துக்குத் திரும்பி வந்து மறுபடி ஆரம்பிப்போம். ஏஹோ-கோராசிக் முறை திரும்பாது. ஏன்னா இதுவரை படிச்சதோட வால்ல 'குன்ற' இருக்கு, அது குன்றத்தூரோட தலை. முன்கூட்டியே இந்த வால்-தலை உறவை எல்லாம் கணக்குப் போட்டு ஒரு அம்புக்குறி வரைஞ்சு வச்சிருக்கும். முட்டின உடனே அந்த அம்பு வழியாக் குன்றத்தூரோட மூணாவது படிக்குத் தாவி, 'த்'தை அங்கே பொருத்தி, 'தூர்'னு முடிச்சிடும். கண் பின்னால போகவே இல்லை.

எளாவூர் சோதனைச் சாவடியில தேடப்படுற ஐம்பது வண்டி நம்பர் இருக்குன்னா, ஐம்பது பேரை நிக்க வச்சு ஆளுக்கு ஒரு நம்பர் கொடுக்கிறது ஒரு வழி. ஐம்பது நம்பரையும் தலைக்குள்ள ஒரு மரமா அடுக்கி வச்சிருக்கிற ஒரே ஒரு ஏட்டய்யாவை நிக்க வைக்கிறது இன்னொரு வழி. "டிஎன் 18"னு படிச்ச உடனே செங்குன்றம் ஆர்டிஓ பதிவு வண்டிகள் தவிர மத்ததெல்லாம் அவர் மனசுல இருந்து விலகிடும். நம்பர்கள் ஐநூறு ஆனாலும் வண்டி ஒரு விநாடி கூடுதலா நிக்க வேண்டாம்.

இந்த முறைதான் யூனிக்ஸில் எஃப்கிரெப் ஆனது. முழு ரெகுலர் எக்ஸ்பிரஷன்களுக்கு ஈகிரெப் என்ற இன்னொன்றையும் ஏஹோ எழுதினார். ஏஹோ பெயரைப் பொறியியல் படித்தவர்கள் கம்பைலர் பாடத்தின் டிராகன் புத்தகத்து அட்டையில் பார்த்திருப்பீர்கள். 1986 பதிப்பில் ஏஹோ, உல்மன் இருவருக்கும் நடுவே இருக்கும் பெயர் ரவி சேத்தி, ஐஐடி கான்பூரில் படித்தவர். ஏஹோவுக்கும் உல்மனுக்கும் 2020-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

அதே 1975-ல் லெக்ஸ் என்ற கருவியும் வந்தது. எழுதியவர்கள் மைக் லெஸ்க், எரிக் ஷ்மிட். ஆமாம், பிற்பாடு கூகுளை நடத்திய அதே எரிக் ஷ்மிட். லெக்ஸில் பேட்டர்ன்களைப் பட்டியலாகக் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே எந்திரமாகக் கோத்துவிடும். இரண்டு பேட்டர்ன் ஒரே இடத்தில் பொருந்தினால் யாருக்கு வெற்றி? எது நீளமாகப் பொருந்துகிறதோ அதுக்கு. நீளமும் சமம் என்றால் முதலில் எழுதியதுக்கு. பார்க்க ரொம்பச் சின்ன விதி. ஆனா பல பேட்டர்ன் வச்சு வேலை பார்க்கிற எல்லாரும் ஒருநாள் இந்த இடத்துல தடுக்கி விழுவாங்க, கொஞ்சம் பொறுங்க.

1977-ல் ஆக் வந்தது. ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்ற மூவர் பெயரின் முதல் எழுத்துகள். எனக்குப் பிடிச்ச மொழி இது, ஒளிக்காம சொல்லிடுறேன். ஆக் நிரல் என்பதே பேட்டர்ன்களின் பட்டியல்தான். ஒவ்வொரு பேட்டர்னுக்கும் பக்கத்தில் ஒரு செயல். வரி ஒன்று உள்ளே வரும். முதல் பேட்டர்ன் பொருந்துகிறதா, செய். இரண்டாவது பொருந்துகிறதா, அதையும் செய். கடைசி வரை. அப்புறம் அடுத்த வரி. "ஃபைலைத் திற, வரி வரியாகப் படி, முடிந்தால் மூடு" என்ற சடங்கு எதையும் நீங்கள் எழுத வேண்டாம். ஒரு வரி, பல பேட்டர்ன் என்கிற நம்ம தலைப்பு அங்கே மொழியோட இலக்கணமாவே ஆகிடுச்சு. அப்பாவுக்கு எழுதின ஸ்கிரிப்டை நான் ஆக்-ல எழுதியிருந்தா பிழை வந்திருக்காதான்னு கேட்டா, வந்திருக்கும். சி-க்கு எஸ் போட்டா எந்த மொழியும் காப்பாத்தாது.

1987 டிசம்பரில் லாரி வால் பெர்லை வெளியிட்டார். ரெகுலர் எக்ஸ்பிரஷன் வீட்டுக்கு வீடு போனது அதன் பிறகுதான். ஆனால் அடியில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. டொரண்டோவின் ஹென்றி ஸ்பென்சர் 1986-ல் பொதுவில் கொடுத்த நூலகத்தைத் தழுவித்தான் பெர்லின் எஞ்சின் வளர்ந்தது. அது தாம்சன் வழியில் எல்லாப் பாதையிலும் ஒரே நேரத்தில் போகாது. ஒரு பாதையில் போய், முட்டினால் திரும்பி வரும். எழுதச் சுலபம், அடைப்புக்குள் பிடித்ததைத் திரும்பச் சொல்லும் வசதியும் இதில் எளிதாகக் கிடைக்கும். 1997-ல் கேம்பிரிட்ஜில் ஃபிலிப் ஹேசல் எழுதிய பிசிஆர்இ நூலகம் பெர்லின் வழியையே மற்ற மென்பொருள்களுக்கும் கொண்டுபோனது. பைத்தானும் அந்தக் குடும்பம்தான்.

பெர்லில் பல பேட்டர்ன்களைச் சுழற்சியில் வைத்து ஓட்டியவர்களுக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. பேட்டர்னை ஒரு மாறியில் வைத்துக் கொடுத்தால், போன தடவை வந்த அதே பேட்டர்ன்தானா என்று பெர்ல் பார்க்கும். அதே என்றால் பழைய எந்திரத்தையே ஓட்டும், வேறு என்றால் புதிதாகக் கட்டும். ஒரு வரிக்கு ஐம்பது பேட்டர்னைச் சுற்றி விட்டால் ஒவ்வொரு தடவையும் வேறுதான். ஒரு லட்சம் வரிக்கு ஐம்பது லட்சம் முறை எந்திரம் கட்டி உடைத்தல். இதுக்கு அந்தக் காலத்து ஆட்கள் பண்ணின வித்தை ரசிக்கத்தக்கது. ஐம்பது பேட்டர்னையும் நேரடியாக எழுதிவைத்த ஒரு புது நிரலை, நிரலே எழுதி, அதை அங்கேயே ஓட்டச் சொல்வார்கள். 1998-ல் பெர்ல் 5.005-ல், ஒரு பேட்டர்னை ஒருமுறை கட்டிப் பையில் போட்டு வைத்துக்கொள்ளும் வசதி வந்தபின் அந்த வித்தைக்குத் தேவை குறைந்தது.

பைத்தானிலும் இதே கதை, வேறு வேடத்தில். அது தானாகவே எந்திரங்களைச் சேமித்து வைக்கும். ஆனால் 2.7 பதிப்பில் அந்தச் சேமிப்புக்கு அளவு 100. நிறைந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்கும். அதாவது நூறு பேட்டர்ன் வரை சிட்டாகப் பறக்கிற ஸ்கிரிப்ட், நூற்றியோராவது பேட்டர்னைச் சேர்த்த அன்று படுத்துவிடும். தொழிற்சாலையில ஒரு பழைய மெஷினோட லாக்குக்கு நான் ஒரே ஒரு பேட்டர்ன் சேர்த்தேன், ராத்திரி முடிய வேண்டிய வேலை காலையில ஷிஃப்ட் மாறுறப்பவும் ஓடிக்கிட்டு இருந்தது. சேர்த்த பேட்டர்ன்லதான் கோளாறுன்னு ரெண்டு நாள் அதையே முறைச்சுப் பார்த்தேன். அதுல ஒண்ணும் இல்ல, அது நூத்தியோராவது ஆளு, அவ்வளவுதான்.

சரி, ஐம்பதையும் 'அல்லது' போட்டு ஒரே பேட்டர்னாக் கோத்துட்டா? செய்யலாம், எல்லாரும் செய்றதுதான். 2007-ல் வந்த பெர்ல் 5.10, அப்படிக் கோத்த வெறும் சொற்களைத் தானே ஒரு மரமாக அடுக்கிக்கொள்ளும். ஏட்டய்யா உள்ளேயே வந்து உட்கார்ந்துட்டார். ஆனா இங்கதான் அந்தத் தடுக்கி விழுற இடம். "சோழ அல்லது சோழவரம்" என்று எழுதி "சோழவரம் ஏரி" என்ற வரியைக் கொடுத்தால், ஆக் நீளமானதை, அதாவது சோழவரத்தைப் பிடிக்கும். பெர்லும் பைத்தானும் முதலில் எழுதிய சோழ-வைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இரண்டும் அவரவர் விதிப்படி சரிதான். ஒரு மொழியில் இருந்து இன்னொன்றுக்கு ஸ்கிரிப்டை மாற்றுகிறவருக்குத்தான் தலைவலி. நீளமான சொல்லை முதலில் எழுது என்பது பழகினவர்கள் கைப்பழக்கம்.

இந்த வரிசைப் பிரச்சினை தமிழ்ல வேற ஒரு உருவத்துல என்கிட்ட வந்தது. ஏரிக் கதைக்குத் திரும்புறேன்.

ஆங்கில ஸ்பெல்லிங்கைச் சரிபண்ணி, சி, எஸ் ரெண்டையும் ஏத்துக்கிற மாதிரி மாத்தினேன். அப்புறம் ஆசை விடல. பழைய தமிழ்க் கோப்புகள்ல சோழவரம் ஏரி பத்தி என்னென்ன இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். கொசஸ்தலை ஆத்துத் தண்ணியைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டுல திருப்பிச் சோழவரத்துக்கும் அங்க இருந்து புழலுக்கும் கொண்டுவந்தது 1870-கள்ல. அந்த வரலாறு எனக்கு வேணும். அந்த ஆத்தோட ஆங்கில ஸ்பெல்லிங்கை எல்லாம் சேர்த்து ஒரு பேட்டர்ன் எழுதிப் பாருங்க, ஒரு ஞாயித்துக்கிழமை போயிடும். கொற்றலையாறு என்பதில் இருந்து வந்த வடிவங்கள் ஒரு பக்கம், கொசஸ்தலை வடிவங்கள் இன்னொரு பக்கம்.

ஆனா தமிழ்ல தேடுறப்பதான் அதிர்ச்சி. கண்ணுக்கு முன்னாடி "சோழவரம்"னு இருக்கு, பேட்டர்ன் பொருந்த மாட்டேங்குது.

காரணம் 'சோ'. யூனிகோடில் சோ-வை இரண்டு விதமாக எழுதலாம். ச, அதன்பின் ஓகாரக் குறி என்று இரண்டு குறியீடு. அல்லது ச, ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடு. இரண்டும் சமம் என்று யூனிகோட் தரமே சொல்கிறது, திரையில் அணு அளவும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கண்ணால் பார்ப்பதில்லை, குறியீட்டை எண்ணுகிறது. ஒரு சோழவரம் ஏழு குறியீடு, இன்னொரு சோழவரம் எட்டு.

அந்த எட்டுக் குறியீட்டுச் சோழவரம் எப்படி உருவாகும் என்று யோசித்தால் மறுபடியும் வரிசைதான். யூனிகோட் பரவுவதற்கு முன்னால் தமிழ் இணையத்தில் டிஸ்கி என்ற குறியாக்கம் இருந்தது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலுக்குத் தொடங்கிய காலத்து உலகம் அது. டிஸ்கியில் எழுத்துகள் கையால் எழுதுகிற வரிசையிலேயே இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு ச, பிறகு கால். அதை யூனிகோடுக்கு மாற்ற ஒரு ஸ்கிரிப்ட், அதில் நூற்றுக்கணக்கான பேட்டர்ன்கள். 'கொம்பு, ச, கால்' என்பதை முதலில் தேடினால் சோ ஒழுங்காக வரும். 'கொம்பு, ச' என்பதை முதலில் தேடி 'சே' ஆக்கிவிட்டால், கால் அனாதையாக நிற்கும். சே-யும் ஒரு காலும். அதுதான் அந்த எட்டு. சின்னதை முன்னால் வைத்த குற்றம். வேறு பல மொழிகளில் இந்தத் தப்புக்குத் திரையில் அசிங்கமாக ஒன்று தெரிந்திருக்கும், உடனே திருத்தியிருப்பார்கள். தமிழில் சே-யும் காலும் சேர்ந்தால் அழகான சோ-வாகத் தெரியும். தப்பு தன்னைத்தானே சலவை செய்துகொள்கிறது. என் பூஜ்யம் மாதிரியே.

இதோட உறவுக்காரன் ஒருத்தன், ஔவையார். 'ஔ' என்று ஒரே எழுத்தாக அடிக்காமல் 'ஒ'வும் 'ள'வுமாக அடித்து வைத்திருக்கிற கோப்புகள் ஏராளம். இதை யூனிகோட்கூடச் சமம்னு சொல்லாது. பாட்டியைத் தேடுறவங்க ரெண்டு பேட்டர்ன் வச்சுக்கணும்.

இன்னொன்று, பைத்தானில் எழுத்து என்பதற்குப் போடுகிற பேக்ஸ்லாஷ் டபிள்யூ. அதனோடு வருகிற வழக்கமான எஞ்சினுக்கு உயிர்க்குறியும் புள்ளியும் எழுத்தே இல்லை. சோழவரத்தைக் கொடுத்தால் 'ச' தனியாக, 'ழவரம' தனியாகப் பிய்த்துக் கொடுக்கும். மகரத்தின் புள்ளி கீழே விழுந்துவிடும். புறத்தே இருந்து நிறுவிக்கொள்ளும் 'ரீஜெக்ஸ்' என்ற வேறொரு தொகுப்பு இதைச் சரியாகச் செய்கிறது. அதில் ஒரு முழு எழுத்தை, குறியோடு சேர்த்து, ஒன்றாக எடுக்கவும் வழி இருக்கிறது. தமிழ் உரையோடு வேலை செய்கிறவர்கள் முதல் நாளே அதை நிறுவிக்கொள்வது உடம்புக்கு நல்லது. தேடுவதற்கு முன் எல்லாக் கோப்பையும் ஒரே குறியீட்டு வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதும்.

இப்போ தாம்சனுக்குத் திரும்பலாம். அதே 2019, எங்க ஏரி காய்ந்து கிடந்த அதே கோடை. ஜூலை 2-ஆம் தேதி உலகத்தின் பெரிய இணையப் பாதுகாப்பு வலையமைப்புகளில் ஒன்றான கிளவுட்ஃப்ளேர், சுமார் 27 நிமிடம் திணறியது. அதன் பின்னால் இருந்த எத்தனையோ தளங்கள் திறக்கவில்லை. காரணம் ஒரே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன். உள்ளே வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் வரிசையாகப் பல விதிகளோடு பொருத்திப் பார்க்கிற காவல் அமைப்பு அது. அன்று புதிதாகச் சேர்த்த ஒரு விதியில் "எதுவும், எத்தனையும்" என்பது அடுத்தடுத்து வந்தது. திரும்பித் திரும்பி நடக்கிற எஞ்சினுக்கு அது விஷம். எந்தப் பங்கை முதல் நட்சத்திரத்துக்குக் கொடுப்பது, எதை இரண்டாவதுக்குக் கொடுப்பது என்று எல்லாக் கூட்டலையும் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது. உலகமெங்கும் இருந்த அவர்கள் கணினிகளின் சிபியூ நூறு சதவீதத்தைத் தொட்டது.

1968-ன் முறையில் ஓடியிருந்தால் அது நடந்திருக்காது. இதைத்தான் ரஸ் காக்ஸ் 2007-லேயே ஒரு கட்டுரையில் விளக்கப்படம் போட்டுக் காட்டியிருந்தார்: தாம்சனின் பழைய முறை நுண்விநாடிகளில் முடிக்கிற சில பேட்டர்ன்களை, பரவலாக இருக்கிற மொழிகள் ஆயுளுக்கும் முடிக்காது. அவர் கூகுளில் எழுதிய ஆர்இ2 நூலகம் 2010-ல் பொதுவுக்கு வந்தது. அதில் பல பேட்டர்ன்களை ஒரு தொகுப்பாகக் கொடுத்தால், உரையை ஒரு தடவை படித்து, எந்தெந்த எண் பேட்டர்ன் பொருந்தியது என்று சொல்லிவிடும். 2015-ல் இன்டெல் பொதுவில் வைத்த ஹைப்பர்ஸ்கேன் ஆயிரக்கணக்கான பேட்டர்ன்களுக்கு அதையே செய்கிறது. அந்த விபத்துக்குப் பிறகு கிளவுட்ஃப்ளேரும் திரும்பி நடக்காத எஞ்சினுக்கு மாறுவதாக அறிவித்தது. அவங்க அந்த 27 நிமிஷத்தைப் பத்தி எழுதின அறிக்கையை நான் ரெண்டு தடவை படிச்சேன். தப்பை நிமிஷக் கணக்கோட எழுதி வெளியில வைக்கிற தைரியம் எனக்குப் பிடிச்சது. நான் ஆறு மாசப் பூஜ்யத்தை அப்பாகிட்ட ஒத்துக்கவே ஒரு நாள் ஆச்சு.

அதுக்கப்புறம் ஸ்கிரிப்ட்ல ஒரே ஒரு மாற்றம் பண்ணினேன். எந்தப் பேட்டர்னுக்கும் பொருந்தாத வரிகளைத் தூக்கிப் போடாம தனி ஃபைல்ல எழுதச் சொன்னேன். கிரெப்-ல மைனஸ் வி போட்டா வர்றது அதுதான், பொருந்தாதவங்க பட்டியல். பூஜ்யம் போடுற வேலையையும் நிறுத்திட்டேன். பொருந்தலன்னா "தெரியல"ன்னு அப்பாவுக்கு மெசேஜ் போகும்.

அந்தத் தனி ஃபைல்ல பெரும்பாலும் தலைப்பு வரி, தேதி வரி, காலி வரிதான் இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை பார்ப்பேன். 2020 நவம்பர்ல, கும்மிடிப்பூண்டி பக்கம் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தைத் திறந்தாங்க. 1944-ல பூண்டி கட்டினதுக்கு அப்புறம் சென்னைக்கு வந்த முதல் புது நீர்த்தேக்கம், 500 மில்லியன் கன அடி. நான் வேலைக்குப் போற பாதையில இருந்து ரொம்பத் தூரம்கூட இல்ல. செய்தியைப் படிச்சேன், ஸ்கிரிப்ட் ஞாபகமே வரல. ஒரு வாரம் பொருந்தாத ஃபைலைத் திறந்தா, நடுவுல ஒரு நீளமான வரி, பேர், மட்டம், கொள்ளளவு எல்லாத்தோடயும். எங்க அப்பாவுக்கு அதுவரைக்கும் நான் அனுப்பினதெல்லாம் நாலு ஏரிக் கணக்கு.

அஞ்சாவது பேட்டர்னை எழுத உட்கார்ந்தேன். அந்தப் பேரை ஆங்கிலத்துல எத்தனை விதமா எழுதலாம்னு ஒரு தாள்ல போட்டுப் பார்த்தேன். கண்ணன்கோட்டைக்கு ஒரு ஒய் வருமா, தேர்வாய் தனியா கண்டிகை தனியா, நடுவுல இடைவெளியா கோடா. பதினொண்ணு வரைக்கும் எண்ணினேன். அப்பா எட்டிப் பார்த்துட்டு, "இதுக்கு நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்டா"ன்னார். அந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போயிட்டு வந்தோம்.